அம்மாவின் வேலைக்கு மூன்று பேர்

ஆல்டர்ஷா, ஒஹாயோ
நவம்பர் 4, 2018

அன்புள்ள அப்பா,

நாங்கள் நலம். ஓரிகனில் நீயும் உன் குடையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஏன் கடிதம் என்று கேட்காதே. ஃபோனில் பேசினால் பாதியில், "ஒரு ஸ்டூடண்ட் வந்துட்டான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. தவிர, என் ஃபோன் இப்போது பள்ளி முதல்வரின் மேசை டிராயரில் இருக்கிறது. சாப்பாட்டுக்கூடத்து வாசலில் லத்தீனில் ஒரு பலகை மாட்டினேன். 'உணவு என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று இங்கே வழங்கப்படும்' என்று அர்த்தம். ஒரு வாரம் எல்லாரும் அதைப் பள்ளியின் பொன்மொழி என்று நினைத்து, முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு வேலையற்றவன் அகராதியைப் புரட்டிவிட்டான். அம்மா வந்து பார்த்து, முதலில் என் இலக்கணப் பிழையைத் திருத்தினாள். திட்டியது அதற்கப்புறம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வேலை வந்துவிட்டது!

ஒன்பது வருடமாக அம்மா இந்தக் கல்லூரியில் லத்தீனும் இடைக்கால வரலாறும் நடத்துகிறாள். பதவியின் பெயர் 'வருகைப் பேராசிரியர்'. ஒன்பது வருடமாக வந்துகொண்டே இருக்கிற வருகையை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? ஒவ்வொரு மே மாதமும் அடுத்த வருட ஒப்பந்தம் வருமா வராதா என்று தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். படித்ததும் இடைக்காலம், பார்ப்பதும் இடைக்கால வேலை. இப்போது பெரியவர் மெரிக் ஓய்வு பெறுகிறார். அவர் இடம் நிரந்தர இடம். அதற்கு அம்மா விண்ணப்பிக்கிறாள். அதாவது தான் நடத்துகிற பாடங்களைத் தானே நடத்த அனுமதி கேட்டு, எதிர் அறையில் உட்கார்ந்திருக்கும் துறைத்தலைவர் கோர்மனுக்கு, தான் யார் என்று மூன்று பக்கம் எழுதுகிறாள்.

"கதவைத் தட்டி ஹலோ சொன்னா போதாதாம்மா?"

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்குடி ஹில்டி."

"அவர் காப்பி கப்பை ஒன்பது வருஷமா நீதானே கழுவறே? அதையும் அனுபவத்துல சேர்த்துக்கோ."

சிரித்தாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை மறந்துவிட்டாள். காரணம் எனக்குத் தெரியும். நிரந்தர ஆள் வந்துவிட்டால் வருகை ஆளுக்கு வேலை கிடையாது. இது கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. இந்த வருடம் நாடு முழுக்க இந்தத் துறையில் விழுந்திருக்கிற நிரந்தர வேலைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

நீங்கள் பிரிந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அதனால் என்ன, அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை போட்டால் உன் மீசை உதிர்ந்துவிடாது.

நான் கருவில் இருக்கும்போதே எனக்கெதிராகக் கூடிய இருவர் குழுவால் ஹில்டகார்ட் என்று பெயரிடப்பட்ட,
உன் ஹில்டி


கோர்வாலஸ், ஓரிகன்
நவம்பர் 15, 2018

என் செல்ல ஹில்டி,

கடிதம் கிடைத்தது. பலகைக்காக உன்னைக் கண்டிக்க வேண்டும். கண்டித்ததாக வைத்துக்கொள். இரண்டு நாளாக என் சக ஆசிரியர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த விளம்பரத்தை நானும் பார்த்தேன். எந்தப் பதவியில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். இது வழக்கமில்லை. நல்ல இடம்தான். உன் அம்மாவைப் போலப் பாடம் நடத்துகிறவர்கள் குறைவு. ஆனால் இம்மாதிரி விஷயங்களில் வெளியிலிருப்பவர்கள் வாய் திறப்பது முறையாகாது. அட்டை போடுவதும் அதில் அடங்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக நினைக்காதே.

குளிருக்கு நல்ல காலணி வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா


ஆல்டர்ஷா
பிப்ரவரி 3, 2019

அப்பா,

அன்பை இந்த முறை சேர்க்கவில்லை, கவனித்துக்கொள்.

முதலில் அம்மா கதையைச் சொல்கிறேன். இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர். ஒவ்வொருவரையும் ஒரு முழு நாள் கல்லூரிக்கு வரவழைத்து, ஊரைக் காட்டி, உரை நிகழ்த்தச் சொல்லி, விருந்து கொடுத்து, அளந்து பார்ப்பார்கள். முதல் ஆள் அம்மா. மூவரையும் சமமாக நடத்த வேண்டும் என்று விதியாம். அதனால் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் கல்லூரிக்கு, அம்மாவை விடுதியில் தங்கவைத்துக் கூட்டிப் போனார்கள். சத்தியமாக! பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துவைத்துக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம்டி" என்று வெளியூர் போகிறவள் மாதிரிப் போனாள்.

கல்லூரியைச் சுற்றிக்காட்ட பிரைஸ் என்று ஒரு மாணவன். அம்மாவின் லத்தீன் வகுப்பில் இரண்டு முறை கோட்டைவிட்டவன்.

"இதுதாங்க லைப்ரரி."

"அப்படியா? நல்லாயிருக்கே."

"ரெண்டாவது மாடியில லத்தீன் புத்தகமெல்லாம் இருக்கு."

"நீ போய்ப் பாத்திருக்கியா பிரைஸ்?"

"இல்லீங்க மேடம். இருக்குன்னு சொன்னாங்க."

விருந்தில் கோர்மன், ஸ்டேக் சாப்பிட்டுக்கொண்டே, "எங்க ஊர் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம். அவர் நாயை மூன்று கோடையில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவும், "ரொம்ப அழகான ஊர், ஆட்கள் பழக நல்லவங்க," என்று பதில் சொல்லியிருக்கிறாள். உரையில் கன்னிமாடத்துச் சிறுமிகள் எப்படி லத்தீன் கற்றார்கள் என்று பேசினாள். பிரமாதமாக இருந்தது. முதல் வரிசையில் இருந்த இருவர் ஏற்கனவே கேட்ட பாட்டு மாதிரித் தலையாட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்பது வருடமாகக் கூடவே இருந்துவிட்டாள், அவள் செய்த தப்பு அதுதான். தெரியாதவளாக இருந்திருந்தால் அசந்து போயிருப்பார்கள்.

இப்போது உன் கதை.

நேற்று ஹாஃப்மன் பேக்கரியில் ரொட்டி வாங்கப் போனேன். கண்ணாடிக் கதவில் கல்லூரிச் சுவரொட்டி. 'விலாங்குகளே வாடகை: இடைக்கால இங்கிலாந்தில் மடங்களும் மீன்களும்.' உரையாற்றுபவர் லியாண்டர் வாய்ட். கீழே உன் படம். அதே மீசை.

ரொட்டியை வாங்காமலேயே வந்தேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அம்மாவிடம் கத்தினேன். "கோர்மன் போன வாரம் சொன்னார்" என்றாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" "உன் அப்பா சொல்லுவார்னு இருந்தேன்."

நல்ல ஆளைத்தான் எதிர்பார்த்தாள்!

உனக்கு நிரந்தர வேலை இருக்கிறது. ஜன்னல் வைத்த அறை இருக்கிறது. வேலை இருக்கிறவனுக்கு எதற்கப்பா வேலை? பசித்தவள் தட்டில்தானா உனக்கு ருசி தெரிய வேண்டும்? நவம்பரில் 'முறையாகாது' என்று எழுதினாயே, அப்போதே விண்ணப்பத்தைத் தபாலில் போட்டிருந்தாயா இல்லையா? விலகிக்கொள். இன்றைக்கே கோர்மனுக்கு எழுது. விலாங்கைப் பற்றிப் பேசுகிறவன் விலாங்காகவே ஆகவேண்டும் என்று எந்த விதிமுறையிலும் இல்லை.

ஹில்டி


கோர்வாலஸ்
பிப்ரவரி 8, 2019

என் ஹில்டி,

உன் கோபம் நியாயம். உன்னிடம் நானே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல தைரியம் வரவில்லை. விண்ணப்பம் நவம்பரில் உனக்கு எழுதும் முன்பே போய்விட்டது.

எதற்கு வேலை என்று கேட்டாய். உனக்காக, ஹில்டி. நீ பள்ளி முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதன்பின் நீயும் எங்கோ போய்விடுவாய். ஆறு வருடமாகக் கோடைக்கு மூன்று வாரமும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாதியுமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் ஊரில், எங்கள் துறையில், ஒரு வேலை விழுவது என் ஆயுளில் இனி ஒருமுறை நடக்காது. எப்படி விடுவது, சொல்.

நான் விலகினால் அம்மாவுக்குக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறாய். கிடைக்காது. மூன்றாவதாக டெக்சஸிலிருந்து ஓர் இளைஞன் வருகிறான், அவனுக்குப் போகும். உள்ளே இருப்பவர்களை உள்ளே எடுக்க இந்த மனிதர்களுக்கு மனம் வருவதில்லை. நானும் இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தெரியும். அப்படியிருக்க, அந்த டெக்சஸ்காரனுக்குப் பதில் உன் அப்பா அந்த ஊரில் இருந்தால் என்ன?

பதினெட்டாம் தேதி வருகிறேன். உன்னோடு ஒரு மணி நேரம் வேண்டும். லிண்டன் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு இருக்கிறதாம். நீயும் வந்து பார். எந்த அறை உனக்கு என்று நீயே சொல்.

அன்புடன்,
அப்பா


ஆல்டர்ஷா
பிப்ரவரி 21, 2019

அன்புள்ள அப்பா,

உன் உரைக்கு நான் எதற்கு வந்தேன் தெரியுமா? பையில் பெரிய அட்டை ஒன்று இருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவர்கள் தூக்கிக் காட்டுவார்களே, அந்த மாதிரி. அதில் பத்துக்கு '2' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் முதல் வரிசையில் எழுந்து நின்று தூக்கத் திட்டம். பின்வரிசையில் என் தோழி நடாலி '1.5' வைத்துக்கொண்டு என் சைகைக்குக் காத்திருந்தாள்.

நீ மேடைக்கு வந்து, "இந்த அறையில் என்னை நன்றாக அறிந்த ஒரே ஒரு ஆள் இருக்கிறாள், அவள் சிரித்தால்தான் மேற்கொண்டு பேசுவேன்" என்றாய். பாவி, சிரித்துத் தொலைத்துவிட்டேன். அட்டை பையிலேயே இருந்துவிட்டது. நடாலி இன்னும் என்னுடன் பேசவில்லை.

மடத்துக்கு வாடகையாக விலாங்குகளைக் கூடைகூடையாகத் தூக்கிப்போன குடியானவர்களைப் பற்றி நீ சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் உரைக்கு யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்புறம் லிண்டன் தெரு. அந்த மாடி அறை! சாய்ந்த கூரை, ஆப்பிள் மரத்தைத் தொடுகிற ஜன்னல். கட்டில் எங்கே போடலாம் என்று நீயும் நானும் கையால் சாண் போட்டு அளந்தோமே, வீட்டுத் தரகர் நம்மைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். "இங்கே இவ ஜன்னல் வழியா வெளியே ஏறிக் குதிக்க வசதியா இருக்கும்" என்று அவரிடம் நீ சொன்னாய். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. நீ நிஜமாகவே வரப்போகிறாய்.

உன் உரைக்கு அம்மா வரக்கூடாதாம். போட்டியாளர் போட்டியாளரைக் கேட்கக்கூடாது என்பது இன்னொரு விதி. கல்லூரிப் பக்கமே தலைகாட்டாமல் வீட்டில் உட்கார்ந்து பரங்கிக்காய் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயந்தரம் அவளிடம் சொல்லிவிட்டேன், "அம்மா, அப்பாவுக்குக் கிடைச்சாலும் பரவாயில்லைனு தோணுது. தப்பா?" என்று.

கரண்டியால் சூப்பைக் கிளறினாள். "தப்பில்லடி. உனக்கு உன் அப்பா வேணும்னு தோணறது எப்படித் தப்பாகும்? அவர் வந்தா இங்கே உன்னைப் பாத்துக்குவார். நான் எங்கேயாவது வேலை தேடிக்கிட்டு வாரக்கடைசிக்கு வந்துட்டுப் போறேன்" என்றாள். சூப்பில் இரண்டாம் தடவை உப்புப் போட்டாள். நான் கிண்ணத்தைக் காலி செய்தேன்.

அதனால் கேட்கிறேன். வேலை கிடைத்தால் கட்டாயம் வருவாய்தானே?

உன் ஹில்டி


கோர்வாலஸ்
மார்ச் 6, 2019

செல்லமே,

நேற்று கோர்மன் அழைத்தார். வேலை எனக்குத்தான்! ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்களாம். அம்மாவிடம் அவரே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். நீ முந்திக்கொள்ளாதே.

பதில் சொல்ல இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன். இங்கே சில ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். மாடி அறைக்கு என்ன நிறம் என்று யோசித்து வை.

அன்புடன்,
அப்பா


ஆல்டர்ஷா
மார்ச் 29, 2019

அப்பா,

நிறம் நீலம். யோசித்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

நீ கேட்ட இரண்டு வாரம் முடிந்து, இன்னொரு வாரம் கேட்டு, அதுவும் முடிந்துவிட்டது. மளிகைக் கடையில் கோர்மன் எங்களைப் பார்த்ததும் சீஸ் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆறேகால் அடி உயரம், அலமாரிக்கு மேலே தலை தெரிகிறது! "வெளியே வாங்க கோர்மன், கடிக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "லியாண்டர் ஏதாவது சொன்னாரா?" என்று அவர் அம்மாவையே கேட்கிறார். அவளுடைய வேலையைத் தட்டிக்கொண்டு போனவன் அதை ஏற்றுக்கொண்டானா இல்லையா என்று அவளையே விசாரிக்கிறார்கள்.

டெக்சஸ்காரனுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம். இப்போது எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதில் என்ன கஷ்டம்? பேனா இல்லையென்றால் அனுப்பிவைக்கிறேன்.

ஹில்டி


கோர்வாலஸ்
ஏப்ரல் 7, 2019

என் அன்பு ஹில்டி,

இதை எழுதச் சிரமமாக இருக்கிறது. பொறுமையாகப் படி.

நான் இங்கேயே இருக்க முடிவுசெய்துவிட்டேன். ஆல்டர்ஷாவின் அழைப்பை எங்கள் டீனிடம் காட்டினேன். எங்கள் தொழிலில் இது எல்லாரும் செய்வதுதான். வெளியே ஒருவன் விலை கேட்டால்தான் உள்ளே இருக்கிறவனுக்கு நம் மதிப்பு தெரிகிறது. உன் அம்மாவுக்கும் இது தெரியும். டீன் என்னை விட மனமில்லை என்றார். முழுப் பேராசிரியர் பதவி, பாடச்சுமையில் பாதி, புத்தகம் எழுத ஒரு வருட ஓய்வு. பல வருடமாக நான் கேட்டுக் கிடைக்காதவை.

உன்னை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. டீனிடம் உன்னைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். 'ஒரே மகள், அங்கே வளர்கிறாள், அவளுக்காக நான் போயே ஆகவேண்டும்' என்றேன். அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு, மனிதர் இளகிப்போனார். வருடத்துக்கு இரண்டு முறை நாம் சந்தித்துக்கொள்ளப் பயணச் செலவைக் கல்லூரியே ஏற்கும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்! ஜூன் பதினைந்துக்கு உனக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டேன். கடற்கரைக்குப் போவோம்.

லிண்டன் தெருவில் நான் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் உண்மையாகத்தான் இருந்தது. நம்பு.

என்றும் அன்புடன்,
அப்பா


ஆல்டர்ஷா
மே 12, 2019

மதிப்பிற்குரிய பேராசிரியர் வாய்ட் அவர்களுக்கு,

முழுப் பேராசிரியர் ஆனதற்கு வாழ்த்துகள். பதிலெழுதத் தாமதமாகிவிட்டது. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்த வார்த்தைகளுக்கு எந்த மொழி அகராதியிலும் மரியாதை கிடையாது.

உங்களுக்குத் தெரியாத செய்திகளைச் சொல்கிறேன். நீங்கள் மறுத்த மறுநாளே எங்கள் ஊர் டீன் அந்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 'தேடல் பலனளிக்கவில்லை' என்று சுற்றறிக்கை. எதிர் அறையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போதே இந்த மேதைகள் தேடிக் களைத்துவிட்டார்கள்! பணத்தை விளையாட்டுத் துறைக்குக் கொடுத்துவிட்டார்களாம். இடைக்காலம் ஒருவழியாக முடிந்தது.

கோர்மன் ஒரு பாட்டில் ஒயினோடு வீட்டுக்கு வந்தார். இன்னும் ஒரே ஒரு வருடம் வருகைப் பேராசிரியராக இருக்க முடியுமா என்று கேட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் கோர்மன், உங்க லிஸ்டுல மிச்சம் இருந்தது நான் ஒருத்திதானே? எனக்கே கொடுத்திருக்கலாமே?"

"அப்படி இல்ல மாரிட். தற்காலிகமா இருக்கறவங்களையே நிரந்தரமாக்கினா, வெளியிலேருந்து நம்மகிட்ட யாரும் வரலைன்னு பேசுவாங்க. கல்லூரி பேர் கெட்டுடும்."

"அப்போ நான் எங்கேருந்து வந்தேன்? உங்க பீரோவுக்குள்ளேருந்தா?"

ஒயினைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். அடுத்த வருடம் அந்த லத்தீன் வகுப்பை யார் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரைஸ் எடுக்கலாம்.

அம்மாவுக்கு வேறு ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் பாடம் நடத்தச் சொன்னார்கள், கேட்டார்கள், அன்று மாலையே வேலையைக் கொடுத்தார்கள். சுற்றிக்காட்ட ஆள் இல்லை, விடுதி இல்லை, விலாங்கும் இல்லை. ஆகஸ்டில் போகிறோம். என் கடைசிப் பள்ளி வருடம் யாரையும் தெரியாத ஊரில். நடாலி அழுதாள். நான் அழவில்லை, நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். நீங்கள் சொன்னது சரி, இப்படிச் செய்வது வழக்கம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பதவி, ஓய்வு, பாடச்சுமை எல்லாவற்றையும் சாதாரண முகத்தோடு படித்தாள். டீன் இளகிப்போன இடத்துக்கு வந்ததும் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டாள். ஆறு வருடத்தில் உங்களைப் பற்றி அவள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன்.

"என் வேலை போனது போகட்டும். அந்தாளு எதுக்குடி உன்னைக் கொண்டுபோய் அங்கே அடகு வெச்சான்?"

எனக்கும் அதேதான் கேள்வி. வேலைக்காக வந்தேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் '2' அட்டையைத் தூக்கியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். எனக்காக என்றீர்கள். நான் போய் அம்மாவிடம், "அப்பாவுக்குக் கிடைத்தாலும் பரவாயில்லை" என்றேன். அவள் தன் வேலையை எனக்காக மனதுக்குள் விட்டுக்கொடுத்து, சூப்பில் உப்பைக் கொட்டினாள். அவள் விட்டுக்கொடுத்தது யாருக்கும் கிடைக்காமல் போனது. உங்களுக்கு மட்டும் என் பெயரில் ஒரு பதவி உயர்வு கிடைத்தது.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். ஜூனில் புத்தகங்களைப் பெட்டியில் கட்டும் வேலை இருக்கிறது, அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது.

என்றாவது ஒரு நாள் உங்கள் டீன் எதிரில் வந்து, "உங்க பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்பார். இளகிய மனசுக்காரர், கட்டாயம் கேட்பார். அவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். தெரியாது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹில்டகார்ட் ஆஸ்ட்பி
(மாரிட் ஆஸ்ட்பியின் மகள்)